நாலாவது மாடிக் கதவு

அம்மா “மூணு” சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் நான்கு படி ஏறிவிட்டான்.

நாற்பத்தொரு வயதாகியும் அழுகுணி ஆட்டம் அவனை விட்டுப் போகவில்லை. பஸ் ஓட்டி ஓட்டி வளர்த்த தொப்பை முன்னால் ஓட, அதைத் துரத்துகிறவன் மாதிரி அவன் பின்னால் ஓடினான்.

தங்கை செருப்பைக் கீழேயே உதறிவிட்டுக் கிளம்பினாள். விடுவாளா என்ன.

பந்தயம் அம்மாவுக்காக.

அப்பா போன பிறகு இந்த வீட்டில் அம்மா தனியாக இருக்கிறாள். என் வீட்டுக்கு வரட்டும் என்று இவள். அதெப்படி, என் வீட்டுக்குத்தான் என்று அவன். மூன்று வாரமாகப் போனில் ஒரே ரகளை. பெற்றவளை யார் தலையில் கட்டுவது என்று அடித்துக்கொள்கிற குடும்பங்களைப் பார்த்தவர்கள், இந்தச் சண்டையைக் கேட்டால் நம்பவே மாட்டார்கள்.

இன்று மூன்று பேரும் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். மாடிப்படியடியில் சண்டை மறுபடி ஆரம்பித்தது.

“சரிடி, பழைய மாதிரி ஓடிப் பாத்துடலாம். யாரு முதல்ல கதவைத் தொடறாங்களோ, அவங்க வீட்டுக்கு அம்மா” என்றான் அண்ணன்.

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த நாளெல்லாம் இதே படியில் இதே பந்தயம்தான். ஜன்னலோர நாற்காலி யாருக்கு, அம்மா முதலில் யாருக்குத் தலை வாருவாள், எல்லாமே நாலாவது மாடிக் கதவைத் தொட்டவர் இஷ்டம். அம்மா கீழே நின்று எண்ணிவிட்டு, இரண்டு பேருடைய புத்தகப் பையையும் தூக்கிக்கொண்டு நிதானமாக ஏறி வருவாள்.

இன்றும் அம்மாதான் எண்ணினாள். காய்கறிப் பையைத் தரையில் வைத்துவிட்டு, அதே குரலில்.

முதல் மாடி. பல் டாக்டர் வீட்டுக் கதவு இப்போது நீல நிறத்தில் இருந்தது. நின்று பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் அவனைப் பிடித்துவிட்டாள். அந்த இடத்தில்தான் அவன் எப்போதும் அவள் சடையைப் பிடித்து இழுப்பான். இப்போதும் பழக்க தோஷத்தில் கை பின்னால் வந்து துழாவியது. அவள் முடியைக் குட்டையாக வெட்டி ஆறு வருஷம் ஆகிறது. வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு அவன் திகைத்த திகைப்பில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சிரித்தால் ஓட முடியாது. அதுவும் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டதுதான். உதட்டைக் கடித்துக்கொண்டு ஓடினாள்.

நாள் முழுக்க ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து ஊரார் ரத்தத்தைச் சோதிக்கிற உடம்பு அது. முட்டி இரண்டும் கெஞ்சின. ஆனால் மனசுக்குப் பதினொரு வயது. யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவள் வீட்டில் அம்மாவுக்கென்று அறை தயார். வெயில் விழுகிற அறையாகப் பார்த்து, புது மெத்தை போட்டு, பக்கத்தில் ஒரு சின்ன மேஜையும் போட்டிருந்தாள். வீட்டில் அவள் எல்லோருக்கும் பெரியவள். பிள்ளைகளுக்கு அம்மா, ஆய்வுக்கூடத்தில் மேடம். அம்மா இருக்கிற வீட்டில் மட்டும்தான் அவள் சின்னவள். அதை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசே வரவில்லை.

மூன்றாவது மாடியில் அவன் முழங்கையால் இடித்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஒரு பொத்தான் தெறித்துப் படியில் உருண்டது. அண்ணியிடம் யார் திட்டு வாங்குவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னும் பத்துப் படி.

தோளோடு தோள் உரச இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். ஒன்றாகக் கையை நீட்டினார்கள்.

கதவில் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

அம்மா உள்ளங்கையைக் கதவில் பதித்து நின்றாள். காய்கறிப் பை மறு கையில். மூச்சு கொஞ்சம்கூட வாங்கவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் லிஃப்டின் கதவு மெதுவாக மூடிக்கொண்டிருந்தது.

அவர்கள் ஓடிய காலத்தில் இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. போட்டு எட்டு வருஷம் ஆகிறது. போன மாதம்கூட இரண்டு பேரும் அதில்தான் ஏறி வந்தார்கள். ஓடுகிறபோது ஒருவருக்கும் அது நினைவில்லை.

“நான் தொட்டுட்டேன். நான் இங்கேயேதான் இருக்கப்போறேன்” என்றாள் அம்மா.

அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினான். தங்கை படியில் உட்கார்ந்து, அடக்கிவைத்த சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. மூன்று வாரத்தில் இரண்டு பேரும் எவ்வளவோ பேசியாயிற்று. அம்மாவிடம் மட்டும் கேட்கவே இல்லை.

அம்மா சாவியை எடுத்துத் தன் வீட்டைத் திறந்தாள்.