மெயிலை மட்டும்

"எல்லாத்தையும் அழிச்சிருங்க தம்பி."

ஜீவராணி போனை மேசைமேல் வைத்தாள். ஜூட்சன் அதைத் தொடவில்லை.

இராணுவ முகாமில் சிவில் ஆட்களுக்கான சின்ன அலுவலகம் அது. ஜீவராணியின் கணவன் விஜிதரன் அங்கே மொழிபெயர்ப்பாளன். கம்ப்யூட்டர் வேலையும் ஆட்களின் போன்களுக்கான பொறுப்பும் ஜூட்சனுடையது.

"அண்ணி, நான் சொன்னது வெளங்கலையா? சொந்தப் போன்ல ஆபீஸ் மெயில் பாக்குறவங்க ஒரு மாசம் வேலைக்கு வரலன்னா, போன்ல உள்ள அத்தனையையும் இங்கேருந்தே அழிக்கணும். பாதுகாப்புச் சட்டம். அண்ணனுக்காக மேஜர்கிட்ட கெஞ்சி, மெயில மட்டும் அழிச்சாப் போதும்னு கையெழுத்து வாங்கிருக்கேன். அவரு சிங்களத்துல திட்டுனத நான் தமிழ்ல சொன்னா எங்கம்மா என்னைய வீட்டுக்குள்ள விடாது."

"அதான் தம்பி வேணாங்குறேன். எல்லாத்தையும் அழிங்க."

"தனுஜா போட்டோவெல்லாம் இதுலதானே இருக்கு?"

"ம்."

"வேற எங்கயாச்சும் இருக்கா?"

"இல்ல. என் போனு அவகூடவே மண்ணுக்குள்ள போயிருச்சு."

அது நடந்து ஒரு மாதமாகிறது. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்து, தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசி இரண்டு காம்பரா அறைகளை மூடியபோது, காய்ச்சலென்று பள்ளிக்கூடம் போகாத மகள் தனுஜா மட்டும் உள்ளே இருந்தாள். ஜீவராணி மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். வேலை நேரத்தில் போன் கூடாதென்று காலையில் அலுவலகப் பெட்டியில் போட்ட போனைக்கூட வாங்காமல் விஜிதரன் ஓடினான். வெறுங்கையால் மண்ணைத் தோண்டியவனின் காலில் சுவர் விழுந்தது. அன்றிலிருந்து டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். நாளைக்குத்தான் விடுகிறார்கள். போனைப் போன வாரம் ஆள் மூலம் ஜீவராணிக்குக் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

"ஞாயித்துக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போனேன் அண்ணி. அண்ணன் கால் வலிக்குதுன்னுகூடச் சொல்லல. 'எம்புள்ள பாடுனது போன்ல இருக்குடா, பத்திரமா பாத்துக்க'ன்னாரு. நாளைக்கு வந்து கேட்டா நான் என்னான்னு சொல்றது?"

"சட்டம்னு சொல்லுங்க."

"நல்லாருக்கு! அழிக்கச் சொல்றது நீங்க, பழி எனக்கா?" ஜூட்சனின் குரல் உயர்ந்தது. "பெத்தவ பேசுற பேச்சா அண்ணி இது? அந்தப் புள்ளையோட கொரல் இது ஒண்ணுலதான் இருக்கு. அவ்வளவு வெறுப்புன்னா வீட்டுலயே ஒரு கல்லத் தூக்கிப் போட்டிருக்கலாமே?"

"போட்டா ஹட்டன் போன் கடையில குடுத்து எல்லாத்தையும் எடுத்துருவாரு. நம்பர் போட்டுப் பூட்டியிருக்கு, எனக்குத் தொறக்கவும் தெரியல. நீங்க அழிச்சா திரும்பி வராதாம்ல?"

"வராது. அந்த ஆண்டவரே எறங்கி வந்தாலும் வராது."

"அதான் வேணும்."

ஜீவராணி போனின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினாள். பூட்டைத் திறக்காமலே எழுத்துகள் தெரிந்தன. அவள் வீட்டில் விட்டுப்போன போனிலிருந்து, 'வீடு' என்ற பெயரில் பதினொரு தவறிய அழைப்புகள். கீழே, திறக்காத ஒரு குரல் செய்தி. தேதி அந்த நாள். நேரம் காலை பத்து நாற்பது.

"மண்ணு வந்தது பதினொண்ணுக்கு" என்றாள்.

ஜூட்சன் திரையையே பார்த்தான்.

"காய்ச்சல்ல அசந்து தூங்கிட்டிருந்தா, ஒண்ணும் தெரியாமலே போயிட்டான்னு அவருகிட்ட நான்தான் சொல்லிருக்கேன். அத நம்பித்தான் ஒரு வாய் சோறு திங்கிறாரு. பதினோரு தடவ அப்பாவக் கூப்பிட்டான்னு தெரிஞ்சா அந்த மனுசன் இருப்பாரா?"

"அண்ணி... அந்த வாய்ஸ்ல என்ன..."

"கேக்கல. எனக்கும் கேக்க வேணாம்."

ஜூட்சன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையை அழுத்தினான். போன் ஒருமுறை அதிர்ந்து இருண்டது. ஜீவராணி அது மறுபடி வெளிச்சமாகும்வரை நின்றாள். கடையில் அன்றைக்குத்தான் வாங்கியது போல, மொழியைத் தெரிவு செய்யச் சொன்னது. அதை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"அவரு கோவத்துல ஏதாச்சும் ஏசுனா மனசுல வச்சிக்காதீங்க தம்பி. உங்க மேல ஒரு தப்பும் இல்லன்னு எனக்குத் தெரியும்."

ஜூட்சன் தலை நிமிரவில்லை. மண் சரிந்த அன்று காலை பெட்டிக்குள் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த போனை, மேஜர் கூட்டத்தில் இருக்கிறாரே என்று பயந்து, யாருடையது என்றுகூடப் பார்க்காமல் சத்தத்தை அமர்த்தி வைத்தது அவன்தான்.