மூக்கு திறந்த நாள்

கணவரின் மூக்கிலிருந்து டாக்டர் கடைசிப் பஞ்சை உருவி எடுத்தபோது, அவளால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

“உள்ளே நடு எலும்பு கோணி ஒரு பக்கத்தை அடைச்சிருந்தது. இன்னொரு பக்கம் சுருள் எலும்பு வீங்கியிருந்தது. ரெண்டையும் சரி பண்ணியாச்சு” என்றார் டாக்டர்.

“இனிமே வாசனை தெரியுமா டாக்டர்?”

“சின்ன வயசுலேர்ந்து தெரியாததெல்லாம் தெரியும்மா!”

அவள் முகம் விழுந்துவிட்டது. இந்த ஆபரேஷனை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று வருஷக்கணக்காகத் தட்டிக்கழித்தவளே அவள்தான்.

டாக்ஸியில் கணவர் பச்சைப்பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் மோந்து பார்த்தார். கடைசியில் அவள் தலைமுடியை.

“இவ்வளவு வாசனையா! இன்னும் என்னென்ன என்கிட்ட மறைச்சு வெச்சிருக்கே?” என்று சிரித்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக ஜன்னலுக்குப் போனார்.

“திறக்காதீங்க! ஒரே தூசி!”

“குடி வந்த நாள்லேர்ந்து இதையேதான் சொல்றே” என்றபடி திறந்தார்.

எதிர் மதிலுக்குப் பின்னால் தோல் பதனிடும் ஆலை. ஒரே ஒரு மூச்சுதான் இழுத்தார். ஜன்னலை அறைந்து சாத்தினார்.

“ஐயோ! தினமுமா இப்படி?”

“தினமும்தான்.”

“வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“வீட்டை வாங்கி முடிச்சுட்டுத்தானே என்னைக் கூட்டிட்டு வந்து காட்டினீங்க. இதே ஜன்னல்ல நின்னு, ‘உனக்காகவே பார்த்து வாங்கினேன், எப்படிக் காத்து வருது பாரு’ன்னு பூரிச்சுப் போனீங்க. அந்த முகத்தைப் பார்த்துட்டு எப்படிங்க சொல்றது?”