பந்தி வஞ்சனை

எதிரியே வந்து உட்கார்ந்தாலும் பந்தியில் வஞ்சனை பண்ணக் கூடாது என்பார்கள். விஜயகுமாரி பண்ணினாள். அதுவும் பட்டப்பகலில், திருப்போரூர் மண்டபத்தில், நூறு பேர் பார்க்க, சொந்த ஓரகத்தி பிரபாவதியின் இலையில்!

பாவம், பிரபாவதி. பந்தியில் உட்காரும்போதே அவளுக்குப் பாதி உயிர் போயிருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் சென்னையில் அவளுக்கு நடந்தது, ஊரில் சொல்லிவைத்தபடி பித்தப்பைக் கல் ஆபரேஷன் இல்லை. உடம்பு இளைக்க, இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன். நூற்றுப் பத்து கிலோவும் சர்க்கரையும் சேர்ந்து படுத்தின பாட்டில் டாக்டர் சொல்லிச் செய்துகொண்டது. இரண்டாயிரத்து எட்டில் இப்படி ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அவளுக்கும் புருஷன் பார்த்திபனுக்கும் மட்டும்தான் விஷயம் தெரியும்.

புருஷன் வீட்டில் சொன்னால் அவ்வளவுதான். "வாயைக் கட்டத் தெரியாதவ வயித்தை அறுத்துக்கினா" என்று அவர்கள் ஊர் கருங்குழியே சிரிக்கும்.

இப்போது வேளைக்கு அரைக் கிண்ணம்தான் சாப்பாடு. ஒரு வாய் கூடினால் அப்படியே மேலே வந்துவிடும். போன மாதம் ஆபீஸில் ஆசைப்பட்டு ஒரே ஒரு குலாப் ஜாமூன் தின்றுவிட்டு, வேர்த்துக் கொட்டி, அரை மணி நேரம் பாத்ரூமே கதியென்று கிடந்தாள்.

இன்று நாத்தனார் பொன்னியின் மகனுக்குக் காதுகுத்து. சாப்பிடாமல் கிளம்பினால் பொன்னி ஜென்மத்துக்கும் பேச மாட்டாள். இலையில் மிச்சம் வைத்தால் புருஷன் வீட்டு அம்சா அத்தை ஏன் எதற்கென்று துருவி எடுத்துவிடுவாள். அதனால் பார்த்திபன் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் இலையையும் சேர்த்துக் காலி பண்ணுவதாகத் திட்டம்.

மனுஷன் சரியாக இலை போடுகிற நேரத்தில், தண்ணீர் கேன் வரவில்லையென்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்!

சோற்றுக் கூடையோடு வந்தாள் விஜயகுமாரி. பார்த்திபனின் அண்ணன் பெண்டாட்டி. மூத்த மருமகள். வாய் கொஞ்சம் நீளம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்சா அத்தையின் இலையில் மலையாகக் கொட்டினாள். அடுத்து பிரபாவதி இலை. கரண்டி நுனியில் நாலு பருக்கை. மேலே இரண்டு கரண்டி கெட்டிப் பருப்பு. அவ்வளவுதான். தண்ணீர் டம்ளரையும் எடுத்து அத்தை பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "இன்னாடி விஜயா, காக்காய்க்கா சோறு வெக்கிற?"

"ஆபீஸ்காரி அத்தை. ரெண்டு வாய் கொறிச்சிட்டு மீதிய மூடி வெச்சிட்டுப் போவா. குப்பைல கொட்றதுக்கா நம்மூட்டு ஆம்பளைங்க வெயில்ல நெல்லு வெளைய வெக்கிறாங்க?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. பிரபாவதிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. தின்ன முடியாதுதான். அதற்காக இப்படியா?

விஷயம் பொன்னி காதுக்குப் போய்விட்டது. பாயாச வாளியைத் தூக்கிக்கொண்டு அவளே ஓடி வந்தாள்.

"இன்னா பெரியண்ணி இது? எம்புள்ள காதுகுத்துல எங்க சின்னண்ணி அரை வயிறா எழுந்து போவணுமா? நீ சாப்புடு சின்னண்ணி, நானே ஊத்தறேன்!"

ஐயோ! பிரபாவதிக்கு வேர்த்துவிட்டது. வேண்டாமென்றால் கோபித்துக்கொள்வாள். குடித்தால் பந்தியிலேயே மானம் போகும்.

விஜயகுமாரி வாளியை வெடுக்கென்று பிடுங்கினாள். "உம்புள்ள அங்க காதைப் பிடிச்சுக்கினு கத்திக்கினு கீறான். நீ இங்க இவளுக்கு உபசாரம் பண்ணிக்கினு கீறியா? போடி!"

பொன்னி முகம் சுருங்கிப் போனாள். வரிசை முழுக்கக் குசுகுசுப்பு. "இன்னா பொம்பளடா சாமி, பாயாசத்தக்கூட ஊத்த விடமாட்டேன்றா!"

அதற்கப்புறம் ரசம், மோர் எதுவும் பிரபாவதி பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்திலேயே காவல் மாதிரி விஜயகுமாரி நின்றால் யாருக்குத் தைரியம் வரும்? அவமானத்தை மென்று மென்று, பிரபாவதி இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள். மற்றவர்கள் எழுந்தபோது அவளும் இலையை மூடிவிட்டு எழுந்தாள்.

கை கழுவுகிற இடத்தில் யாரும் இல்லை. பின்னாலேயே வந்த விஜயகுமாரியைப் பார்த்ததும் பொங்கிவிட்டது.

"அக்கா, நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணேன்?"

விஜயகுமாரி அக்கம்பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அத அப்புறம் பேசலாம். வயிறு எப்டி கீது? ஒண்ணும் மேல வரலியே?"

பிரபாவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"போன மாசம் அரிசி மூட்டை குடுக்க உங்க வூட்டுக்கு வந்தேனே. ஃபிரிட்ஜு மேல டாக்டர் தாளு ஒட்டி வெச்சிருந்த. அரைக் கிண்ணத்துக்கு மேல கூடாது, பருப்பு ஜாஸ்தி, இனிப்பு தொடாத, சாப்புடறப்ப தண்ணி குடிக்காத. எட்டாங்கிளாஸ் படிச்சவதான்டி நானும்."

பிரபாவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வயிறு கம்மென்று இருப்பது அப்போதுதான் உறைத்தது. ஆபரேஷனுக்கு அப்புறம் நாலு பேரோடு உட்கார்ந்து அவள் தொந்தரவில்லாமல் சாப்பிட்ட முதல் விருந்து இதுதான்.

"உண்மையை நானே சொல்லியிருப்பேனே அக்கா. எனக்காக இத்தனை பேர் முன்னாடி உங்க பேரைக் கெடுத்துக்கணுமா?"

விஜயகுமாரி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு சிரித்தாள்.

"உனுக்கு இப்ப சோறும் செரிக்காது, ஊர்ப் பேச்சும் செரிக்காது. எனுக்கு ரெண்டும் நல்லாச் செரிக்கும், போடி!"