பதிலி ஏறிய படிகள்

"அம்மா கீழயே இருக்கட்டும், நாம ரெண்டு பேரும் மட்டும் ஏறலாம்ப்பா" என்று பன்னிரண்டு வயது மகள் வெண்பா கேட்டபோதே கதிரேசனுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அந்தப் பழைய கலங்கரை விளக்கத்தின் முதல் படியில் கால் வைத்ததும், காதுக்குப் பின்னால் பதித்திருந்த பதிலி என்ற சில்லிடம் உடம்பை ஒப்படைத்துவிட்டு, மனதால் கோயம்புத்தூர் ஆபீஸ் மீட்டிங்குக்குப் போய்விட்டான். விடுமுறைக்கு வந்த இந்தத் தீவில் இருக்கும்வரை ஆபீஸ் பக்கம் தலைவைத்தே படுப்பதில்லை என்று மனைவியிடம் சொல்லியிருந்தான். படி ஏறக் கால் போதாதா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அவனைப் போலவே பேசவும் சிரிக்கவும் பதிலிக்கு நன்றாகத் தெரியும்.

மீட்டிங் முடிந்து திரும்பியபோது உடம்பு உச்சியில் நின்றிருந்தது. சுற்றிலும் கடல். வெண்பா அவன் வலதுகையை இறுகப் பிடித்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"நீங்க திட்டுவீங்கன்னுதான்ப்பா இத்தனை நாளா சொல்லல. இப்பத்தான் எனக்கு மூச்சே வருது."

எதைச் சொன்னாள்? கேட்க வாய் வரவில்லை. கேட்டால், இவ்வளவு நேரம் கூட வந்தது அவனல்ல என்று தெரிந்துவிடும்.

"அப்பா இருக்கேன்டா" என்றான். சொல்லும்போதே நாக்கு கூசியது.

இறங்கும்போது மனதுக்குள் பதிலியைக் கேட்டான்: "பாப்பா என்ன சொன்னா?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவ கையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நான் அவ அப்பன்!"

"தெரியும்" என்றது, அவனுடைய குரலிலேயே. "அதனாலதான் என்கிட்ட சொன்னா."