கயிறு பிடித்தவன்

திருமுழுக்குத் தொட்டியருகே தங்கை டெல்பின் குழந்தையை நீட்டியபோது, இனிகோ தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“ஏலே, பிள்ளைய வாங்கு. பத்து மாசமா எங்கன போய்க் கிடந்தே? தங்கச்சி வீட்டு வாசப்படி ஒன்னக் கடிச்சா வைக்கும்?” என்றாள் கிளாடிஸ். டெல்பினின் நாத்தனார், குழந்தைக்கு ஞானத்தாய், நாக்கை என்றைக்கும் உறையிலிட்டு அறியாதவள்.

கோவிலில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். இனிகோ சிரிக்கவில்லை.

அவன் வந்து ஞானத்தகப்பனாக நின்றால்தான் பிள்ளைக்குத் திருமுழுக்கு என்று, டெல்பினின் கணவன் ரெக்சன் மூன்று முறை ஆள் அனுப்பியிருந்தான். வேறொருவரை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் இனிகோ வந்தான்.



ரெக்சன் சக்கர நாற்காலியில் இருந்தான். சற்று முன் நால்வர் அவனை நாற்காலியோடு படியேற்றியபோது, “மெதுவா தூக்குங்கலே, வள்ளம் புதுசு” என்று சொன்னவன் அவன்தான்.

சங்கு குளித்தவன். இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனபின் முதல் மாதம் அவனுக்குப் பேச்சே எழவில்லை. எழுந்தபின் அடங்கவும் இல்லை. இப்போது மாலைதோறும் தெருச் செபமாலைக்கு அவன்தான் முதல் குரல்.

அதிலும் ஒரு பிழை செய்வான். வெள்ளிக்கிழமை துயர மறைபொருள்களுக்கு உரிய நாள். ரெக்சனோ வெள்ளிதோறும் மகிழ்ச்சியின் முதல் மறைபொருளைச் சொல்லித்தான் தொடங்குவான்: வானதூதர் வந்து, பிள்ளை பிறக்கும் என்று மரியாளுக்குச் சொன்ன செய்தி.

தண்ணீருக்குள் மூளையும் கலங்கிவிட்டது என்றது ஊர். ஊருக்கு எதையும் பொறுத்திருந்து அறியும் வழக்கம் இல்லை.

அந்தக் கரையில் ஒரு முறை உண்டு. கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தானே பிடிக்க வேண்டும். பங்காளி கைவிடலாம், சிநேகிதன் அயர்ந்துபோகலாம், தங்கையின் தாலி தன் கையில் இருக்கிறது என்பதை அண்ணன் மறக்கமாட்டான். மூச்சுக்குக் குழாயும் இயந்திரமும் வந்த பிறகும் இந்த முறையை எவரும் மாற்றவில்லை.

முறையில் குற்றமில்லை. தவறியவன் இனிகோ.

அன்று வெள்ளிக்கிழமை. வள்ளத்தில் இருவர் மட்டுமே. ரெக்சன் பத்துப் பாக ஆழத்தில், அறுபதடிக்குக் கீழே இருந்தான். மேலே இயந்திரம் இரைந்து இரைந்து அவனுக்குக் காற்று அனுப்பிக்கொண்டிருந்தது.

இனிகோவின் கைப்பேசி ஒலித்தது.

கயிற்றை ஒரு முளையில் சுற்றிவிட்டு எடுத்தான். இரைச்சலில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டுப் பலகைமேல் வைத்துக் குனிந்தான்.

திடீரென்று குரல் தெளிவாகக் கேட்டது.

நல்லதாயிற்று என்றுதான் எண்ணினான்.

இயந்திரம் நின்றுபோனதால்தான் கேட்கிறது என்று அவனுக்கு உறைப்பதற்குள், ‘மேலே இழு’ என்னும் சைகையாக, முளையில் சுற்றிய கயிறு இரண்டு முறை அதிர்ந்து ஓய்ந்திருந்தது.

ரெக்சன் குழாயை உமிழ்ந்துவிட்டு ஒரே பாய்ச்சலில் மேலே வந்தான். அவ்வளவு ஆழத்திலிருந்து அப்படி வரலாகாது. வள்ளம் கரை சேருமுன் கால்கள் மரத்தன. மருத்துவர்களாலும் அவற்றை மீட்க இயலவில்லை.

ஒன்பது மணிக்கு நடந்ததைப் பத்து மணி என்று இனிகோ எல்லாரிடமும் சொன்னான். அழைப்பு வந்ததையே சொல்லவில்லை. ஊர் இயந்திரத்தைப் பழித்து, இனிகோவுக்காக இரங்கியது.

அந்த இரக்கத்தைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. மில்லர்புரத்தில் ஓர் அறை பிடித்து, துறைமுகத்தில் காவல் வேலைக்குச் சேர்ந்தான்; அதன்பின் தங்கையின் தெருவை மிதிக்கவில்லை.

“கை வலிக்குண்ணே” என்றாள் டெல்பின்.

ஆறு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற பிள்ளை. இரண்டு மாதமாகிறது. வெள்ளைத் துணிக்குள் கொட்டாவி விட்டது.

உண்மையைச் சொல்லிவிட்டால் தன் பாரம் இறங்கும் என்பது இனிகோவுக்குத் தெரியும். அது யார் தலையில் போய் இறங்கும் என்பதும் தெரியும்.

பங்குத்தந்தை ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அப்போது யாரோ இனிகோவின் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். இரண்டு முறை.

இனிகோ உடனே குனிந்தான்.

ரெக்சன் அவன் காதோடு பேசினான். “மேல வந்து வள்ளத்து விளிம்பப் பிடிச்சேன் மச்சான். மூச்சே இல்ல. பலகையில டெல்பினு குரலு. ‘அண்ணே, நான் முழுகாம இருக்கேன், அவுகளிட்ட சொல்லிராத, நானே சொல்லுதேன்’னு. அதக் கேட்டப்புறந்தான் எனக்கு மூச்சு வந்துது.”

ரெக்சன் குரலை இன்னும் தாழ்த்தினான்.

“ஒம்பது மணிக்குப் போன் பண்ணுனது அவளுக்கு உறுத்தக்கூடாதுன்னு, கேட்டவங்களிட்ட எல்லாம் நானும் பத்து மணின்னுதான் சொன்னேன்.”

“அங்கன என்ன குசுகுசுப்பு?” என்றாள் டெல்பின்.

“ஒங்க அண்ணனுக்குக் கையி நடுங்குதாம்” என்று ரெக்சன் உரக்கச் சிரித்தான். “நடுங்குத கைதான் விடாது. குடு.”

இனிகோ இரண்டு கைகளையும் நீட்டினான்.