ஏழாவது கேள்வி

“அந்தச் சேத்துல ஒரு மண்வெட்டி கூட விழக் கூடாது. எத்தனை தடவைம்மா சொல்றது?”

ஹால்வர் நீகார்ட் காபிக் கோப்பையை மேசையில் ணங்கென்று வைத்தார். ராக்சேன் எதிரில் கிடந்த விண்ணப்பத்தை வெறித்துப் பார்த்தாள். அரசாங்கத்தின் ஈரநில மீட்புத் திட்ட அதிகாரியாக வேலை மாற்றலாகி அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டாவுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் இந்தச் சமையலறைக்கு நாலாவது தடவையாக வந்துவிட்டாள்.

காட்டு வாத்துகளுக்காகப் பழைய குட்டைகளை மீட்கும் திட்டம் என்னவோ எளிமையானதுதான். ஒரு காலத்தில் குட்டைகளை வடித்து வயலாக்கியவர்கள், நிலத்தடியில் பதித்த வடிகுழாயை உடைத்து மறுபடி தண்ணீர் நிற்க விட்டால், அரசாங்கம் ஏக்கருக்கு நல்ல விலை கொடுக்கும். நிலம் அவர்கள் பெயரிலேயே இருக்கும். உழ மட்டும் முடியாது. சுற்றிலும் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஆனால் எல்லார் தண்ணீரும் ஹால்வரின் நாற்பது ஏக்கர் பள்ளம் வழியாகத்தான் ஓடி வடிகிறது. அவர் குழாய் உடையாவிட்டால் பதினோரு பேர் நிலத்திலும் ஒரு வாத்து இறங்காது. நாளையோடு திட்டம் மூடுகிறது.

ராக்சேனுக்கு முன்பிருந்த அதிகாரி கோப்பில் குறித்து வைத்திருந்தார்: ‘பேராசைக்காரர். இருந்த மாடுகளையெல்லாம் விற்று, ஒரே கோடையில் குட்டையை வடித்தவர்.’ அது நாற்பத்து மூன்று வருடத்துக்கு முந்திய கதை. அக்கம்பக்கத்தில் விசாரித்தால் வானத்தை அண்ணாந்து பார்த்து மழை வருமா என்று பேசினார்கள். இந்தப் பக்கத்துக்காரர்களின் வாயிலிருந்து வானிலையைத் தவிர வேறெதையும் பிடுங்க முடியாது.

“ஐயா, வண்டல் ஒரு அடிக்குப் படிஞ்சு கெடக்கு. அதை வழிச்சு லாரில ஏத்தினாத்தான் அடியில இருக்கிற பழைய நீர்ச்செடி விதையெல்லாம் முளைக்கும்.”

“லாரில ஏத்தி?”

“எங்கயாச்சும் ரோட்டோரமா கொட்டுவாங்க.”

அவர் முகம் சுண்டிப் போனது. “முடியாது.”

ராக்சேனுக்குப் பொறுமை போய்விட்டது. “அப்படி என்னதான் வச்சிருக்கீங்க அந்த மண்ணுல? மக்காச்சோளம்கூட ஒழுங்கா விளையல. நீங்க உழறதை நானே பாத்தேன். ஆமை உங்களை முந்திடும்! பத்தடிக்கு ஒருதரம் டிராக்டரை நிறுத்தி இறங்கி, எதையோ எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாக்கிறீங்க. தங்கமா தேடறீங்க?”

தொட்டியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி ஓலினாவின் கை அப்படியே நின்றது. குழாய்த் தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

“இப்ப அதுவும் முடியலம்மா,” என்றார் ஹால்வர். அவர் குரலில் இருந்த கோபமெல்லாம் வடிந்திருந்தது. “முட்டி போயிடுச்சு. இறங்கினா ஏற முடியல.”

கேலி பேசியதற்கு ராக்சேனுக்கு வெட்கமாகிவிட்டது. பேனாவை எடுத்து, திட்ட வரைவில் ஒரு வரியை அடித்தாள்.

“சரி. சேத்தை வழிக்க வேணாம். குழாயை மட்டும் ரெண்டு எடத்துல உடைக்கிறோம். பாதிப் பலன்தான். மேலதிகாரிகிட்ட நான் வாங்கிக் கட்டிக்கிறேன்.”

“அப்புறம்?”

“தண்ணி தானா வந்து நிக்கும்.”

“எங்க காலத்துக்கு அப்புறம் எவனாச்சும் வாங்கி, பெரிய மிஷினைக் கொண்டாந்து தோண்டிப்புட்டா?”

“யார் வாங்கினாலும் முடியாது. பத்திரத்துலயே ஏறிடும். எத்தனை தலைமுறை ஆனாலும் அந்த மண்ணு மேல யாரும் கை வைக்க முடியாது.”

“யாரும் கை வைக்க முடியாது,” என்று அவர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார்.

“போட்டுடு, ஹால்வர்,” என்றாள் ஓலினா, திரும்பாமலே. “நீ செஞ்சது போதும்.”

அவர் கையெழுத்துப் போட்டார். எட்டு மாதமாக எதிர்பார்த்த கையெழுத்து. ஆனாலும் ராக்சேனுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏதோ இழவு வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டதுபோல் மனசு கனத்தது.

ஓலினா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, விண்ணப்பத்தை ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

“இந்த ஏழாவது கேள்விக்கு நீயே பதில் எழுதியிருக்கியே.”

ராக்சேன் எட்டிப் பார்த்தாள். ‘நிலத்திலிருந்து நீரை வடித்ததன் நோக்கம்: விவசாயம்.’

“எல்லாருக்கும் அதுதானேம்மா? அதான் நானே போட்டுட்டேன்.”

“எங்களுக்கு அது இல்ல.”

ஓலினா பேனாவை மறுபடி கணவரின் விரல்களுக்குள் வைத்தாள். அவர் வெகுநேரம் எழுதினார். பிறகு காகிதத்தை ராக்சேன் பக்கம் நகர்த்திவிட்டு, ஜன்னல் வழியாக அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘விவசாயம்’ அடிக்கப்பட்டிருந்தது. அதன் மேல் கோணல் எழுத்தில் இருந்தது: ‘குட்டை மேல் உறைந்திருந்த பனிக்கட்டி உடைந்து உள்ளே போன எங்கள் மகன் எய்னாரைத் தேட. வயது ஏழு. இன்னும் கிடைக்கவில்லை.’