வளையாத அம்பு

வேடன் இறகு கட்டுமுன் அம்பை வெறுமனே எய்து பார்ப்பான். கோணிப் போனால் அது அடுப்புக்குத்தான்.

"நான் இம்மியும் வளையமாட்டேன்" என்றது புது மூங்கில் அம்பு.

வில் சிரித்தது. "இப்படிச் சொன்ன உன் அண்ணன்தான் காலையில் கஞ்சி காய்ச்சினான், தம்பி."

வேடன் கனமான இரும்பு முனையைச் செருகி எய்தான். நாண் தள்ள, முனை தயங்க, நடுவே அம்பின் உடம்பு வில்லை ஒட்டி மீனாக நெளிந்தது. 'வளைஞ்சிட்டேனே, போச்சு!' என்று பதறியது அம்பு. நெளிவு மெல்ல அடங்கியது. மறுகணம் அம்பு வாழைத்தண்டில் இட்டிருந்த கரிப்பொட்டின் நடுவில் நின்றது.

வேடன் வில்லைக் கையில் ஏந்தி அம்பைப் பிடுங்க வந்தபோதும் அதற்கு நடுக்கம் தீரவில்லை.

"அண்ணே, அவ்வளவு நெளிஞ்சும் எப்படி இங்கே வந்தேன்?" என்று வில்லைக் கேட்டது.

"தெரியலடா. ஒவ்வொரு தடவையும் நானும் வாயைப் பிளந்துதான் பார்க்கிறேன்."